மூன்று நாள் வழியா, குழந்தையின் போக்கா? டயபரை விடுவதற்கு முன்

"நான்காம் நாள் காலையில் அவளும் அழுதாள், நானும் அழுதேன்" என்று ஒரு தாய் என்னிடம் சொன்னார். மகளுக்கு இரண்டு வயது இரண்டு மாதம். மூன்றே நாளில் டயபரை விட்டுவிடலாம் என்று கேள்விப்பட்டு, அலுவலகத்தில் விடுப்பு எடுத்து, தரை விரிப்புகளை எல்லாம் சுருட்டி வைத்துவிட்டுத் தொடங்கியிருக்கிறார். இரண்டாம் நாள் ஓரளவு நன்றாகவே போனது. மூன்றாம் நாள், கழிப்பறைப் பக்கம் கூப்பிட்டாலே மகள் ஓடத் தொடங்கினாள். நான்காம் நாள் மலத்தை அடக்கிக்கொண்டு மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாள். கடைசியில் அவர் கேட்டது இதுதான்: "எந்த முறையில் சீக்கிரம் முடியும்?"

தாய்மார்கள் கூடிப் பேசும் இடங்களில் நான் அதிகம் கேட்ட கேள்வியும் இதுவே. என் இரண்டு பிள்ளைகளையும் வெவ்வேறு வழிகளில் பழக்கியவள் நான். எல்லாம் நன்றாகப் போகும் நாளில் எந்த முறையும் நல்ல முறைதான். ஜட்டி நான்காவது தடவையாக நனைந்த மாலையில், நீங்களும் களைத்து, குழந்தையும் களைத்து நிற்கும்போது, அந்த முறை உங்களை என்ன செய்யச் சொல்கிறது? நான் ஒப்பிடுவது அதை வைத்துத்தான். எத்தனை நாளில் முடியும் என்பது எனக்கு இரண்டாவது கேள்வி.

முதலில் மலத்தைப் பாருங்கள்

முறையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். குழந்தைக்கு மலம் இளக்கமாகப் போகிறதா, இறுகிப் போகிறதா? இதைப் பார்க்காமல் தொடங்கி நான் பட்டது அதிகம் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

மூத்தவனுக்கு இரண்டரை வயதில் தொடங்கினேன். சிறுநீர் ஒரே வாரத்தில் பழகிவிட்டது. மலம் மட்டும் கைகூடவில்லை. திரைச்சீலைக்குப் பின்னால் போய், கால்களை ஒட்டி இறுக்கிக்கொண்டு, முகம் சிவக்க நிற்பான். முக்குகிறான் என்று நினைத்தேன். உண்மையில் அவன் அடக்கிக்கொண்டிருந்தான். சில வாரங்களில் ஜட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கறை படியத் தொடங்கியது. சோம்பல் என்றார்கள், பிடிவாதம் என்றார்கள். நானும் அவனைக் கடிந்துகொண்டேன். குழந்தை மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, உள்ளே மலம் இறுகிக் கிடக்கிறது என்று சொன்னபோது, கடிந்துகொண்ட ஒவ்வொரு நாளும் எனக்கு நினைவுக்கு வந்தது.

நடப்பது இதுதான். ஒருமுறை மலம் இறுகி வலியோடு வெளியேறுகிறது. வலிக்கும் என்று தெரிந்துகொண்ட குழந்தை அடுத்த முறை அடக்குகிறது. அடக்க அடக்க, பெருங்குடல் நீரை உறிஞ்சிக்கொள்வதால் மலம் இன்னும் கெட்டியாகிறது. நாளாக ஆக மலக்குடல் விரிந்துபோய், நிறைந்திருக்கிறது என்ற உணர்வே மங்கிவிடுகிறது. பிறகு அந்த இறுகிய கட்டியைச் சுற்றி இளகிய மலம் குழந்தைக்கே தெரியாமல் கசிகிறது. பார்ப்பவர்களுக்கு அது வயிற்றுப்போக்காகத் தோன்றும், அல்லது அலட்சியமாகத் தோன்றும். நிறைந்த குடல் சிறுநீர்ப்பையை அழுத்துவதால் சிறுநீரும் அடிக்கடி நனைக்கும்.

இது அரிதான சிக்கல் அல்ல. அமெரிக்காவில் 482 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 1997-இல் வெளியான ஓர் ஆய்வில், 22 சதவீதக் குழந்தைகள் சிறுநீர் பழகிய பிறகும் குறைந்தது ஒரு மாதம் மலத்துக்குக் கழிப்பறையை மறுத்தார்கள். மறுப்பதால் மலம் இறுகுகிறதா, இறுகியதால் மறுக்கிறார்களா என்பதை 2004-இல் வந்த இன்னொரு ஆய்வு பார்த்தது. இறுகிய மலமும் மறுப்பும் சேர்ந்து இருந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்கு இறுகிய மலம்தான் முதலில் வந்திருந்தது. நாம் பிடிவாதம் என்று பெயர் வைப்பது பல நேரங்களில் வலியைப் பற்றிய பயம்.

ஆகவே மலம் இறுகிப் போகும் குழந்தைக்கு எந்த முறையையும் தொடங்காதீர்கள். தண்ணீரும் நார்ச்சத்துள்ள உணவும் போதுமா, பால் அளவுக்கு மீறிப் போகிறதா என்று பாருங்கள். அதில் சரியாகாவிட்டால் மருத்துவரிடம் போங்கள். மலத்தை இளக்கும் மருந்தை அவர் கொடுத்தால், சரியாகிவிட்டதே என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். விரிந்த குடல் பழைய நிலைக்குத் திரும்ப வாரங்கள் ஆகும், மாதங்களும் ஆகலாம். அந்தக் காலத்தில் மலத்துக்கு மட்டும் டயபரைக் கேட்டால் தயங்காமல் கொடுங்கள். அடக்கிவைப்பதைவிட டயபரில் போவது எவ்வளவோ மேல். எங்களுக்கு மூன்று மாதம் ஆனது. அதன் பிறகு எந்தப் பயிற்சியும் இல்லாமல் அவனே போய் உட்கார்ந்தான்.

குழந்தையின் போக்கில் போவது

1962-இல் பெர்ரி பிரேசல்டன் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர், பத்தாண்டுகளில் தம்மிடம் வந்த 1,170 குழந்தைகளின் குறிப்புகளைத் தொகுத்து ஒரு கட்டுரை வெளியிட்டார். அதற்கு முந்தைய தலைமுறைத் தாய்மார்களுக்குச் சொல்லப்பட்டது வேறு. 1930-களில் அமெரிக்க அரசு வெளியிட்ட கையேடே, பிறந்த சில வாரங்களில் தொடங்கி, ஒரு வயதுக்கு வெகு முன்பே மலப் பழக்கத்தை முடித்துவிடச் சொன்னது. பிரேசல்டன் அதைத் தலைகீழாக மாற்றினார். 18 மாத வாக்கில் குழந்தைக்கான சிறிய கழிப்பறை இருக்கையை அறிமுகப்படுத்துங்கள், முதலில் உடுப்போடு உட்காரட்டும், பிறகு உடுப்பில்லாமல், பிறகு டயபரில் போன மலத்தை அதில் போட்டுக் காட்டுங்கள், குழந்தை எந்தப் படியில் தயங்கினாலும் பின்வாங்குங்கள் என்றார். அவருடைய குழந்தைகள் பகலில் பழகி முடித்த சராசரி வயது 28.5 மாதம்.

தயாராகிவிட்டதை எப்படி அறிவது? ஒன்றரை, இரண்டு மணி நேரம் டயபர் நனையாமல் இருப்பது, போவதற்கு முன்போ போகும்போதோ சொல்வது அல்லது ஒதுங்குவது, சின்னச் சின்னச் சொற்களைக் கேட்டுச் செய்வது, கால்சட்டையைத் தானே இறக்க முயல்வது. என் அனுபவத்தில் இவற்றில் மிகவும் நம்பத்தக்கது ஒதுங்குவதுதான். மூலைக்குப் போய் நிற்கும் குழந்தைக்கு, வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிகிறது. எல்லா அடையாளங்களும் ஒன்றுசேர வரும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

சறுக்கும் நாளில் இந்த முறை சொல்வது ஒன்றே: விட்டுவிடு, நாளை பார்க்கலாம். குழந்தைக்கு இதைவிட இதமான வழி இல்லை. சுமை முழுவதும் தாயின் மேல் விழுகிறது. எப்போது முடியும் என்று தெரியாமல் மாதக் கணக்கில் காத்திருப்பது எளிதல்ல, அதுவும் பள்ளியில் சேர்க்கும் தேதி நெருங்கும்போது. "அவன் தயாராகவில்லை" என்ற சொல்லுக்குள் நம் களைப்பு ஒளிந்துகொள்வதும் உண்டு. தயாராக இருக்கும் குழந்தையை யாரும் அழைக்காமலே விட்டுவிட்டால், டயபரே அதற்குப் பழக்கமாகிவிடுகிறது. பிரேசல்டன் பிற்காலத்தில் ஒரு டயபர் நிறுவனத்துக்கு ஆலோசகராக இருந்தது விமர்சனத்துக்கு உள்ளானது. 1962-இன் கட்டுரை அதற்குப் பல ஆண்டுகள் முந்தையது என்பதால் அதை ஒதுக்கத் தேவையில்லை. ஆனால் காத்திருப்பதால் லாபம் பெறுபவர்களும் உண்டு என்பதை நினைவில் வைப்பது நல்லது.

தீவிர முறை, மூன்று நாள் முறை

இப்போது மூன்று நாள் என்று சொல்லப்படும் முறைகளில் பலவற்றின் வேர் நேதன் அஸ்ரின், ரிச்சர்ட் ஃபாக்ஸ் என்ற இரு உளவியலாளர்களிடம் இருக்கிறது. அவர்கள் முதலில் இதை உருவாக்கியது, காப்பகங்களில் இருந்த, அறிவுத்திறன் குறைபாடுள்ள பெரியவர்களுக்காக. பிறகு 1973-இல் 34 சிறு குழந்தைகளிடம் செய்துபார்த்து, சராசரியாக ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் பழகிவிட்டதாக எழுதினார்கள். அந்த நான்கு மணி நேரம் பயிற்சி பெற்ற ஒருவர் குழந்தையோடு தனியாக, வேறு எந்தக் கவனச் சிதறலும் இல்லாமல் செலவிட்ட நேரம். அடுப்பையும் கைப்பேசியையும் கைக்குழந்தையையும் பார்த்துக்கொண்டே ஒரு தாய் செய்யும் மூன்று நாளோடு அதை ஒப்பிட முடியாது. இந்த முறையை நம்பித் தோற்றவர்கள் தங்களையே நொந்துகொள்வதைப் பார்க்கும்போதெல்லாம் இதைச் சொல்லத் தோன்றுகிறது.

முறையின் சாரம் எளிது. நிறையக் குடிக்கக் கொடுத்து, சிறுநீர் வரும் வாய்ப்புகளைக் கூட்டுவது. பொம்மையைக் கொண்டு செய்து காட்டுவது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஜட்டி உலர்ந்திருக்கிறதா என்று குழந்தையையே தொட்டுப் பார்க்கச் சொல்லிப் பாராட்டுவது. இவற்றில் பொம்மையும் தொட்டுப் பார்ப்பதும் அருமையானவை, எந்த முறையிலும் சேர்த்துக்கொள்ளலாம். குடிக்கக் கொடுப்பதில் மட்டும் எச்சரிக்கை தேவை. கேட்கும்போது தாராளமாகக் கொடுங்கள், வற்புறுத்தி ஊற்றாதீர்கள். அளவு மீறிய தண்ணீர் சிறு உடலில் உப்பின் அளவைக் குறைத்து ஆபத்தாக முடியும்.

நான் ஏற்காத பகுதி ஒன்று இருக்கிறது. மூல முறையில், ஜட்டியை நனைத்த குழந்தை வீட்டின் வெவ்வேறு இடங்களிலிருந்து கழிப்பறைக்கு ஓடி, உடுப்பை இறக்கி உட்கார்ந்து எழுவதைப் பலமுறை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பயிற்சி என்று அதற்குப் பெயர். இரண்டு வயதுக் குழந்தைக்கு அது தண்டனையாகத்தான் படும். முதலில் நான் கேட்ட கேள்விக்கு, அதாவது சறுக்கும்போது என்ன செய்யச் சொல்கிறது என்பதற்கு, இந்த முறையின் பதில் எனக்கு உடன்பாடில்லை. இப்போதைய மூன்று நாள் வடிவங்கள் பலவற்றில் இந்தப் பகுதி இல்லை. அப்படி ஒன்றையே தேர்ந்தெடுங்கள்.

இது யாருக்குப் பொருந்தும்? அடையாளங்கள் தெளிவாக வந்துவிட்ட, மலச்சிக்கல் இல்லாத, பெரியவர்களைப் பார்த்துச் செய்வதில் ஆசையுள்ள குழந்தைக்கு. வீட்டில் ஒருவர் மூன்று நான்கு நாள் வேறு எந்தப் பொறுப்பும் இல்லாமல் கூடவே இருக்க முடியும் என்றால். எதற்கெடுத்தாலும் "மாட்டேன்" என்னும் கட்டத்தில் இருக்கும் குழந்தைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சீக்கிரம் தொடங்கினால் சீக்கிரம் முடியுமா என்பதற்கு 2003-இல் வந்த ஆய்வு ஒரு பதில் சொன்னது. ஒரு நாளில் மூன்று தடவைக்கு மேல் குழந்தையைப் போகச் சொல்லிக் கேட்பதையே அது தீவிரப் பயிற்சி என்று கொண்டது. முன்னதாகத் தொடங்கியவர்களுக்கு மொத்தத்தில் பழக்கும் காலம் நீண்டது. 27 மாதத்துக்கு முன் தீவிரமாகத் தொடங்கியதால் பெரும்பாலோருக்குப் பயன் கிடைக்கவில்லை. நான்காம் நாள் அழுத அந்தத் தாயின் மகளுக்கு 26 மாதம்.

குறிப்பறிவதும் கடிகாரம் பார்ப்பதும்

கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே முகத்தையும் நெளிவையும் பார்த்து, குறிப்பறிந்து பிடித்து உட்காரவைத்து, ஓர் ஒலியை எழுப்பிப் போகவைப்பது உலகின் பல பகுதிகளில் தொன்றுதொட்டு இருக்கிறது. கிழக்கு ஆப்பிரிக்காவின் டிகோ மக்கள் பிறந்த சில வாரங்களிலேயே தொடங்கி, ஐந்தாறு மாதத்தில் நல்ல பழக்கத்துக்குக் கொண்டுவந்துவிடுவதை 1977-இல் வெளியான ஓர் ஆய்வு பதிவுசெய்தது. அங்கே குழந்தை நாள் முழுவதும் யாராவது ஒருவரின் உடலோடு ஒட்டியே இருந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அப்படி இருக்க முடிந்தவர்களுக்கு இது அழகான வழி. டயபரோடு சேர்த்துப் பகுதி நேரமாகச் செய்தாலும் கெடுதல் இல்லை. இரண்டு வயதைத் தாண்டிய குழந்தையை வைத்துக்கொண்டு முடிவெடுக்க நிற்பவர்களுக்கு இது இனி ஒரு தேர்வு இல்லை.

நேரம் பார்த்துக் கூட்டிப்போவது காப்பகங்களில் வழக்கம். பல குழந்தைகளைச் சேர்த்துப் பார்ப்பவர்களுக்கு வேறு வழியும் இல்லை. தூங்கி எழுந்ததும், வெளியே கிளம்பும் முன்னும், சாப்பிட்டுச் சிறிது நேரம் கழித்தும் உட்காரவைப்பது எந்த வீட்டுக்கும் உதவும். உணவு வயிற்றில் இறங்கியதும் குடல் இயங்கத் தொடங்குவதால், மலத்துக்குச் சாப்பாட்டுக்குப் பின்னான அரை மணி நேரமே நல்ல நேரம். ஆனால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை "வருகிறதா, வருகிறதா" என்று கேட்பது குழந்தையின் சிறுநீர்ப்பையை நாம் சுமப்பதாகும். நாம் கேட்பதை நிறுத்திய அன்று அதற்குத் தன் உடல் சொல்வது கேட்காது.

சிறு தேர்வுகள்

பாட்டி சேர் (potty chair) என்னும், தரையில் வைக்கும் சிறிய கழிப்பறை இருக்கையா, பெரிய கழிப்பறையின் மேல் பொருத்தும் வளையமா? தொடக்கத்துக்குத் தரையில் வைப்பதே என் தேர்வு. காரணம் பாதம்தான். பாதம் ஊன்றி, முட்டி இடுப்பைவிடச் சற்று உயர்ந்திருந்தால்தான் மலம் எளிதாக இறங்கும். வளையத்தில் உட்கார்ந்து கால் தொங்கினால், விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் குழந்தை உடலையே இறுக்கிக்கொள்கிறது. வளையம்தான் என்றால் காலுக்கு உறுதியான முக்காலி வையுங்கள்.

இழுத்துப் போடும் டயபர் பயணத்துக்கு நல்லது. வீட்டில் பருத்தி ஜட்டியே. நனைந்தால் நனைந்தது தெரிய வேண்டும். ஆண் குழந்தையும் முதலில் உட்கார்ந்தே பழகட்டும், இல்லாவிட்டால் சிறுநீரோடு வரும் மலத்தை அடக்கப் பழகிவிடும். பரிசுகளில் எனக்கு அரைமனம்தான். ஒட்டுப்படம் கொடுக்கலாம், ஆனால் வந்ததற்குக் கொடுக்காமல் உட்கார்ந்ததற்குக் கொடுங்கள். வருவது குழந்தையின் கையில் இல்லை.

சொற்களிலும் கவனம் வேண்டும். டயபரைக் கழற்றும்போது "சீ, நாற்றம்" என்று மூக்கைப் பிடிப்பதை, பழக்கத் தொடங்குவதற்கு முன்பே நிறுத்திவிடுங்கள். மலத்தைப் பற்றி இழிவாகப் பேசாதிருக்கவும், டயபரில் போனால் பாராட்டவும் பெற்றோரிடம் சொல்லிப் பார்த்த ஆய்வு ஒன்று 2003-இல் வந்தது. மலத்துக்குக் கழிப்பறையை மறுத்த குழந்தைகளின் எண்ணிக்கை அதனால் குறையவில்லை, ஆனால் மறுப்பு நீடித்த காலம் குறைந்தது. தன் உடலிலிருந்து வந்த ஒன்றைப் பார்த்து அம்மா முகம் சுளிப்பது அதற்கு என்னவாகப் படும் என்று நினைத்துப் பார்த்தால் இதில் வியப்பில்லை.

இரவு

இரவை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். இரவில் சிறுநீர் உற்பத்தியைக் குறைக்கும் வேசோப்ரெசின் என்ற இயக்குநீர் போதிய அளவில் சுரப்பதும், நிறைந்த பை தூக்கத்தைக் கலைப்பதும் வளர்ச்சியோடு வருபவை. ஐந்து வயதில் ஏறத்தாழ 15 சதவீதக் குழந்தைகள் இரவில் நனைக்கிறார்கள். தாய்க்கோ தந்தைக்கோ சிறுவயதில் அப்படி இருந்திருந்தால் வாய்ப்பு இன்னும் அதிகம். பகலில் பழகிய குழந்தைக்கு இரவில் டயபர் போடுவது தோல்வி அல்ல.

என் தேர்வு

இளையவளுக்கு நான் செய்தது முதல் இரண்டின் கலவை. 20 மாதத்தில் பாட்டி சேரை வாங்கி, எதுவும் சொல்லாமல் கழிப்பறைக்குள் வைத்தேன். பொம்மையை அவள் உட்காரவைத்து விளையாடினாள். மலம் இளகிப் போகிறதா என்று மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் ஒதுங்கத் தொடங்கிய பிறகு, 29 மாதத்தில் ஒரு நீண்ட விடுமுறையில் டயபரைக் கழற்றிவிட்டு நான்கு நாள் கூடவே இருந்தேன். நனைந்தபோது "ஜட்டி நனைந்துவிட்டது, மாற்றலாம் வா" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. பத்தாம் நாள் வாக்கில் பெரும்பாலும் சரியாகிவிட்டது, பிறகு இரண்டு மாதம் அவ்வப்போது சறுக்கல் இருந்தது. ஒரு வாரத்தில் முன்னேற்றமே இல்லையென்றாலோ, அடக்குவது தெரிந்தாலோ, நிறுத்திவிட்டு ஆறு வாரம் கழித்துப் பார்ப்பது என்று முன்பே முடிவுசெய்து வீட்டில் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். அந்த முடிவுதான் என்னை நிதானமாக வைத்திருந்தது. அப்பாவோ பாட்டியோ காப்பாளரோ, குழந்தையைப் பார்ப்பவர்களில் ஒருவர் திட்டினாலும் மற்றவர்களின் உழைப்பு வீணாகும். ஆகவே அவர்கள் அனைவராலும் செய்ய முடிகிற முறையையே தேர்ந்தெடுங்கள்.

வேறு தாய்மார்களிடம் கேளுங்கள், கட்டாயம் கேளுங்கள். திரைச்சீலைக்குப் பின்னால் நிற்பது அடக்குவதாக இருக்கலாம் என்று மருத்துவருக்கு முன் எனக்குச் சொன்னவர் மூன்று பிள்ளைகளின் தாய் ஒருவர்தான். ஆனால் "எங்கள் வீட்டில் ஒன்றரை வயதில் முடிந்துவிட்டது" என்ற சொல்லை வீட்டுக்கு எடுத்து வராதீர்கள். 2002-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பகல் முழுவதும் நனையாமல் இருப்பதைப் பாதிப் பெண் குழந்தைகள் எட்டிய வயது 32.5 மாதம், ஆண் குழந்தைகளுக்கு 35 மாதம். மீதிப் பாதி அதற்கும் பிறகுதான். சிறுநீர் கழிக்கும்போது வலி, மலத்தில் ரத்தம், நன்றாகப் பழகியிருந்த குழந்தை திடீரென மீண்டும் நனைப்பது, நான்கு வயதாகியும் பகலில் பழகாதது ஆகியவை இருந்தால் மட்டும் மற்றவர்களிடம் கேட்டுக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

அந்தத் தாயிடம் டயபரைத் திரும்பப் போட்டுவிடச் சொன்னேன். மலம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். மூன்று நாளுக்கு ஒருமுறை, கெட்டியாக, என்றார். மருத்துவரைப் பார்த்தார்கள், இரண்டு மாதம் கழிப்பறை என்ற பேச்சையே எடுக்கவில்லை. போன வாரம் அழைத்தார். மகள் தன் கரடி பொம்மையைப் பாட்டி சேரில் உட்காரவைத்து, எதிரே தரையில் அமர்ந்து, "அவசரமே இல்லை, மெதுவாகப் போ" என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம். டயபர் இன்னும் விடவில்லை.